எந்த வெளிச்சத்துக்கு எந்த ஃபிலிம்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

டிஜிட்டல் கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும், ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை மாற்றிக்கொள்ளலாம். ஃபிலிம் கேமராவில் ஒரு சுருளை ஏற்றி மூடியை அடைத்துவிட்டால், அடுத்த 36 படங்களுக்கும் அதே வேகம், அதே நிறத்தன்மை, படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் அதே கிரெயின்தான். எக்ஸ்போஷரை, அதாவது ஃபிலிம் மீது எவ்வளவு ஒளி விழ வேண்டும் என்பதைப் பற்றிய முதல் முடிவு, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்கு வெகு முன்பே, ஃபிலிமை வாங்கும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர், எங்கோ பார்த்த அழகான படத்தின் கீழ் எழுதியிருந்த ஃபிலிமின் பெயரைக் குறித்துக்கொண்டு அதையே தேடி வாங்குகிறார்கள். அந்தப் படம் எந்த நேரத்து வெளிச்சத்தில் எடுக்கப்பட்டது, ஸ்கேன் செய்தவர் நிறத்தை எவ்வளவு திருத்தினார் என்பதையெல்லாம் அந்தப் பெயர் சொல்லாது. முதலில் வெளிச்சம், அடுத்து எடுக்கப்போகும் பொருள், அதன் பிறகு கழுவும் வசதி, கடைசியில் பெயர் என்ற வரிசையில் முடிவெடுப்பதே பாதுகாப்பானது; கீழே உள்ள படிகளும் ஏறத்தாழ அந்த வரிசையிலேயே செல்கின்றன.

முதல் படி: சுருளின் மிக இருட்டான படம் எது?

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் 100, 200, 400, 800 போன்ற எண், ஃபிலிமின் வேகத்தை, அதாவது அது ஒளியை உணரும் திறனைக் குறிக்கிறது. எண் இரட்டிப்பானால் தேவைப்படும் ஒளி பாதியாகிறது. இந்த ஒரு மடங்கு வித்தியாசமே ஒரு ஸ்டாப். ஆக, 100க்கும் 400க்கும் இடையே இரண்டு ஸ்டாப், 100க்கும் 800க்கும் இடையே மூன்று ஸ்டாப். வேகமான ஃபிலிம்களில் வெள்ளி உப்பின் படிகங்கள் பொதுவாகப் பெரியவை என்பதால், வேகம் கூடக்கூடப் படத்தில் கிரெயினும் கூடித் தெரியும். அதனால்தான் எல்லாச் சூழலுக்கும் 3200 வேக ஃபிலிமையே வாங்கிப் போட்டுக்கொள்ள யாரும் பரிந்துரைப்பதில்லை.

எந்த வெளிச்சத்துக்கு எந்த வேகம் போதும் என்பதைக் கணக்கிட, ஒளியை அளக்கும் மீட்டர் இல்லாத காலத்திலிருந்தே புழங்கிவரும் ஒரு விதி உதவும். மேகமில்லாத நண்பகல் வெயிலில் லென்ஸின் துளையை எஃப் 16இல் வைத்து (எஃப் எண் சிறிதாகும்போது துளை பெரிதாகும்), ஒளி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஷட்டரை ஃபிலிமின் வேக எண்ணுக்கு நெருக்கமான பின்னத்தில் வைக்க வேண்டும்: 100 வேக ஃபிலிமுக்கு 1/125 விநாடி, 400 வேக ஃபிலிமுக்கு 1/500 விநாடி. வானம் முழுவதும் மேகம் மூடிய பகலில் அதே ஷட்டருக்குத் துளையை எஃப் 8 வரை திறக்க வேண்டும்; திறந்த வானத்தின் கீழ் உள்ள நிழலில் எஃப் 5.6. இரவில் விளக்கொளி மட்டும் உள்ள வீட்டு அறைக்குள் வந்துவிட்டால், வெளிச்சம் நண்பகல் வெயிலைக் காட்டிலும் சுமார் 10 ஸ்டாப், அதாவது ஏறக்குறைய ஆயிரம் மடங்கு குறைந்துவிடும். நம் கண் தன்னைத் தானே சரிசெய்துகொள்வதால் இந்த வீழ்ச்சி நமக்கு உறைப்பதில்லை. ஃபிலிம் அப்படிச் சரிசெய்துகொள்ளாது.

அந்த அறையையே எடுத்துக்கொள்வோம். துளை எஃப் 2 வரை திறக்கக்கூடிய 50 மி.மீ. லென்ஸ் உங்களிடம் இருக்கிறது என்றால், 100 வேக ஃபிலிமுக்கு அங்கே சுமார் 1/8 விநாடி தேவைப்படும், 400க்கு 1/30, 800க்கு 1/60. கையில் பிடித்து எடுக்கும்போது, லென்ஸின் குவியத் தூரத்தை எந்தப் பின்னம் ஒத்திருக்கிறதோ அதைவிட மெதுவான ஷட்டரில் படம் அசைந்துவிடும் என்பது பொதுக்கணக்கு, ஆகவே 50 மி.மீ. லென்ஸுக்கு 1/60 விநாடியே கீழ் எல்லை. இந்த அறையில் ஃபிளாஷும் முக்காலியும் இன்றி எடுக்க 800 வேக ஃபிலிம் தேவை என்ற முடிவு தானாக வந்துவிடுகிறது. அதே கேமராவில் எஃப் 3.5க்கு மேல் திறக்காத ஜூம் லென்ஸ் மாட்டியிருந்தால் 800 கூடப் போதாது. ஃபிலிமின் வேகத்தை லென்ஸைப் பார்க்காமல் முடிவுசெய்ய முடியாது என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டிவிடும்.

எனவே ஒரு சுருளை வாங்கும் முன், அதில் எடுக்க நினைக்கும் படங்களில் எது மிகக் குறைந்த வெளிச்சத்தில் எடுக்க வேண்டியது, அதைத் தவறவிட்டால் பரவாயில்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தவறவிட முடியாது என்றால், அந்தப் படத்துக்கு எந்த வேகம் தேவையோ அதுதான் சுருளின் வேகம். பிறகு எதிர்ப்பக்க எல்லையையும் பார்த்துவிட வேண்டும்: உங்கள் கேமராவின் மிக வேகமான ஷட்டர் 1/500 மட்டுமே என்றால், நண்பகல் வெயிலில் 800 வேக ஃபிலிமுக்கு எஃப் 22 தேவைப்படும், பல லென்ஸ்கள் எஃப் 16உடன் நின்றுவிடும். பிரிண்ட் எடுப்பதற்கான நெகட்டிவ் ஃபிலிம் அந்த ஒரு ஸ்டாப் மிகையைத் தாங்கிக்கொள்ளும், கழுவியதும் தானே படமாகிவிடும் ஸ்லைடு தாங்காது. வெயிலிலேயே பின்னணியை மங்கலாக்கி எடுக்க விரும்புகிறவர்களுக்கு 100 வேக ஃபிலிம்தான் வசதி. 1/1000 விநாடி ஷட்டருடன் அதில் எஃப் 5.6 வரை திறக்க முடியும்.

இரண்டாம் படி: நெகட்டிவ், ஸ்லைடு, கறுப்பு வெள்ளை

கலர் நெகட்டிவ், சி-41 என்னும் முறையில் கழுவப்படுவது. தொடங்குகிறவர்களுக்கு இதையே முதலில் சொல்வதற்குக் காரணம் அதன் சகிப்புத்தன்மை: தேவையைவிட இரண்டு ஸ்டாப் அதிக ஒளி விழுந்தாலும் நல்ல பிரிண்ட் எடுத்துவிடலாம். ஆனால் இந்தச் சகிப்பு ஒருபக்கமானது. ஒளி ஒரு ஸ்டாப்புக்கு மேல் குறைந்தால் நிழற்பகுதிகள் சேறு கலந்ததுபோல் மங்கி, கிரெயின் பெருத்து, நிறம் பச்சையாகவோ நீலமாகவோ சாயத் தொடங்கும். சந்தேகம் வந்தால் கூடுதலாக ஒளி கொடுங்கள் என்பதே நெகட்டிவ் ஃபிலிமுக்கான விதி. 400 வேக ஃபிலிமை ஏற்றிவிட்டு மீட்டரை 200இல் வைத்து எடுப்பவர்கள் பலர் இருப்பதும் இதனால்தான்.

ஸ்லைடு ஃபிலிம், இ-6 முறையில் கழுவப்படுவது; அதில் கழுவி முடித்ததும் கையில் கிடைப்பதே இறுதிப் படம் என்பதால், பிரிண்ட் எடுக்கும்போது திருத்திக்கொள்ளும் வாய்ப்பு இல்லை. அரை ஸ்டாப் தவறினாலே கண்ணுக்குத் தெரியும். நெகட்டிவுக்கு நிழலைப் பார்த்து அளவெடுக்க வேண்டும் என்றால், ஸ்லைடுக்கு வெளிச்சமான பகுதியைப் பார்த்து அளவெடுக்க வேண்டும், ஏனெனில் வெளுத்துப்போன இடத்தில் எதையும் மீட்க முடியாது. கடும் வெயிலும் அடர்ந்த நிழலும் ஒரே சட்டத்துக்குள் வரும் காட்சிகளுக்கு ஸ்லைடு பொருத்தமில்லை. ஆனால் வெளிச்சம் சீராக இருந்து எக்ஸ்போஷரும் சரியாக அமைந்துவிட்டால், ஒளிமேசையில் வைத்துப் பார்க்கும் ஸ்லைடின் தெளிவுக்கு நெகட்டிவிலிருந்து எடுத்த எந்தப் பிரிண்டும் ஈடாகாது என்பது என் கருத்து. மீட்டரை நம்பும் அளவுக்குப் பழகிய பிறகு இதற்கு வாருங்கள்.

கறுப்பு வெள்ளை ஃபிலிமின் பெரிய வசதி, விளக்கின் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பது. மஞ்சள் குண்டு பல்பும் ஜன்னல் வெளிச்சமும் கலந்த அறையில் கலர் ஃபிலிம் தடுமாறும். கறுப்பு வெள்ளைக்கு அது வெறும் வெளிச்சம். வீட்டிலேயே கழுவிக்கொள்ளலாம் என்பதும், இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், கோடாக் டிரை-எக்ஸ் போன்ற 400 வேக ஃபிலிம்களைத் தேவைப்பட்டால் 1600 வரை தள்ளலாம் (குறைந்த ஒளியில் எடுத்துக் கூடுதல் நேரம் கழுவலாம்) என்பதும் கூடுதல் பயன்கள். ஒரு விதிவிலக்கை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: இல்ஃபோர்டு எக்ஸ்பி2 சூப்பர் கறுப்பு வெள்ளைப் படம் தரும் ஃபிலிம்தான் என்றாலும், கலர் நெகட்டிவைப் போல சி-41 முறையில் கழுவப்படுவதற்காகச் செய்யப்பட்டது. கறுப்பு வெள்ளை கழுவும் லேப் அருகில் இல்லாதவர்களுக்கு அதுவே எளிய வழி.

மூன்றாம் படி: எடுக்கப்போகும் பொருள்

மனிதர்களை எடுக்கும்போது தேவைப்படுவது மென்மையான கான்ட்ராஸ்ட்டும் தோல் நிறத்தைக் கெடுக்காத நிறச்சமநிலையும். கோடாக் போர்ட்ரா வரிசை 1998இல் இந்த வேலைக்காகவே வந்தது. 160, 400, 800 என மூன்று வேகங்களில் கிடைக்கிறது. மேகமூட்டமான பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் 100 வேக ஃபிலிமுக்கு எஃப் 2.8இல் 1/30 விநாடி காட்டும் என்றால், குழந்தை தலையைத் திருப்பும் அசைவிலேயே முகம் கலங்கிவிடும். 400 வேக ஃபிலிமில் அதே துளைக்கு 1/125 கிடைக்கும், அது போதும். ஜன்னல் பக்கத்துக் கன்னத்தில் மீட்டர் பார்க்காமல், அறையின் உட்புறம் நோக்கிய, நிழல் விழுந்த கன்னத்தின் அருகே அளவெடுத்தால், நெகட்டிவில் இரண்டு பக்கமும் விவரத்தோடு வரும். இதே காட்சியை கோடாக் எக்டார் 100இல் எடுத்தால் வேகம் போதாது என்பது ஒருபுறமிருக்க, நிறங்களை அழுத்தமாகக் காட்டும் அதன் இயல்பு முகத்தில் செம்மையைக் கூட்டிவிடும். கறுப்பு வெள்ளையில் இல்ஃபோர்டு ஆர்த்தோ பிளஸ் போன்ற ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம்கள் சிவப்பை உணர்வதில்லை; உதடும் தோலின் செம்புள்ளிகளும் கருத்துத் தெரியும். முதுமையின் சுருக்கங்களை அழுத்திக் காட்ட விரும்பினால் தவிர, முகங்களுக்கு அதைத் தொட வேண்டாம்.

நிலக்காட்சிக்கு நிலைமை நேர்மாறு. மலை அசையாது, முக்காலி போட்டுக்கொள்ளலாம், ஆகவே வேகத்தைப் பற்றிய கவலை விலகிவிடுகிறது. மெல்லிய கிரெயினும் செறிவான நிறமும்தான் வேண்டியவை. நெகட்டிவில் எக்டார் 100, ஸ்லைடில் ஃபியூஜிஃபிலிமின் வெல்வியா 50, புரோவியா 100எஃப், கோடாக்கின் எக்டாகுரோம் இ100 ஆகியவை இதற்குரியவை. பச்சையையும் சிவப்பையும் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கூடுதலாகக் காட்டும் வெல்வியா அந்திவானத்துக்குப் பொருந்தும், முகங்களுக்குப் பொருந்தாது. உள்ளதை உள்ளபடி காட்டுவதில் புரோவியா நம்பகமானது.

கறுப்பு வெள்ளை நிலக்காட்சியில் ஃபிலிமைப் போலவே ஃபில்டரும் முக்கியம். ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் நீலவானம் வெளிறி, மேகம் அதற்குள் கரைந்துவிடும். மஞ்சள் ஃபில்டர் வானத்தைச் சற்றே கருக்கி மேகத்தைப் பிரித்துக் காட்டும். அது விழுங்கும் ஒளி சுமார் ஒரு ஸ்டாப். சிவப்பு ஃபில்டர் வானத்தைக் கிட்டத்தட்டக் கறுப்பாக்கிவிடும், ஆனால் மூன்று ஸ்டாப் கேட்கும். அதாவது 100 வேக ஃபிலிம் உங்கள் கையில் 12 வேக ஃபிலிமாகிவிடுகிறது. சிவப்பு ஃபில்டரை முக்காலி இல்லாமல் பயன்படுத்த எண்ணுகிறவர்கள் 400 வேக ஃபிலிமிலிருந்து தொடங்க வேண்டியது இதனால்தான்.

விளையாட்டு, பறவை, ஓடும் விலங்கு போன்ற அசையும் பொருள்களுக்கு 1/500 விநாடியாவது வேண்டும். மேகமூட்டத்தில் எஃப் 5.6 வரை மட்டுமே திறக்கும் டெலி லென்ஸுடன் 400 வேக ஃபிலிம் அந்த ஷட்டரைத் தந்துவிடும். மாலை சரியத் தொடங்கினால் 800க்குப் போக வேண்டும். ஃபிளாஷ் போட்டு எடுப்பவர்களுக்கும் வேகம் உதவுகிறது. 100 வேகத்தில் கைடு நம்பர் (ஃபிளாஷின் வலிமையைக் காட்டும் எண்; அதை எஃப் எண்ணால் வகுத்தால் எட்டும் தூரம் கிடைக்கும்) 20 மீட்டர் உள்ள சிறிய ஃபிளாஷ், எஃப் 5.6இல் சுமார் மூன்றரை மீட்டர் தூரம் வரை எட்டும் என்றால், 400 வேக ஃபிலிமில் அது ஏழு மீட்டர் வரை எட்டும்.

தெருவிலும் பயணத்திலும் ஒரே நாளில் வெயில், நிழல், உள்ளறை எல்லாம் மாறிமாறி வருவதால், 400 வேக நெகட்டிவ் ஃபிலிமே நடைமுறைக்கு ஏற்றது. கோடாக் கோல்டு 200 வெயிலில் இளஞ்சூடான நிறத்தை அழகாகத் தரும், ஆனால் அந்தி சாய்ந்ததும் கையைக் கட்டிப்போட்டுவிடும்.

நான்காம் படி: வெளிச்சத்தின் நிறம்

சந்தையில் உள்ள கலர் ஃபிலிம்களில் பெரும்பான்மை, சுமார் 5500 கெல்வின் நிறவெப்பம் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு; எண் குறைந்தால் மஞ்சள் கூடும்) கொண்ட பகல் வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்டவை. குண்டு பல்பின் ஒளியும், அதைப் போன்ற மஞ்சள் எல்இடியின் ஒளியும் 3000 கெல்வினை ஒட்டியோ அதற்குக் கீழோ இருப்பதால், பகல் ஃபிலிமில் எல்லாம் ஆரஞ்சு நிறமாக வரும். 80ஏ என்னும் நீல ஃபில்டர் இதைச் சரிசெய்யும், ஆனால் ஏற்கெனவே இருட்டான இடத்தில் மேலும் இரண்டு ஸ்டாப்பை அது விழுங்கிவிடுவதால் கையில் பிடித்து எடுப்பவர்களுக்குப் பயன் குறைவு. நெகட்டிவ் ஃபிலிமாக இருந்தால், ஃபில்டர் இல்லாமல் ஒரு ஸ்டாப் கூடுதலாக ஒளி கொடுத்துவிடுவது நல்லது. மஞ்சள் வெளிச்சத்தில் நீல ஒளி மிகக் குறைவு. ஃபிலிமின் நீலம் உணரும் அடுக்கு பட்டினி கிடந்தால், ஸ்கேன் செய்யும்போது எவ்வளவு திருத்தினாலும் நிழல்களில் நிறம் கலங்கியே இருக்கும். கூடுதல் ஒளி அந்த அடுக்குக்கும் விவரத்தைச் சேர்க்கிறது.

விளக்கொளிக்கென்றே 3200 கெல்வினுக்குச் சமன்செய்யப்பட்ட ஃபிலிம்களும் உண்டு. சினிமாவுக்கான ஃபிலிமிலிருந்து தயாரிக்கப்பட்ட சினிஸ்டில் 800டி அவற்றில் பலரும் அறிந்தது. மூல ஃபிலிமின் பின்புறத்தில் இருந்த, ஒளிச்சிதறலைத் தடுக்கும் கரும்பூச்சை நீக்கிவிட்டு அது விற்கப்படுவதால், தெருவிளக்குகளையும் நியான் பலகைகளையும் சுற்றிச் செந்நிற ஒளிவட்டம் விழும். அந்த ஒளிவட்டம் வேண்டும் என்று வாங்குகிறவர்களும் உண்டு, அது பிடிக்காமல் ஒரே சுருளோடு நிறுத்தியவர்களும் உண்டு. மழை பெய்த இரவுத் தெருவுக்கு நான் அதைப் பரிந்துரைப்பேன், இரவு விருந்தில் குடும்பப் படம் எடுக்கப் பரிந்துரைக்கமாட்டேன். கரும்பூச்சு நீக்கப்படாத சினிமா ஃபிலிமை யாராவது மலிவாகச் சுருட்டித் தந்தால், அதைச் சாதாரண சி-41 லேபில் கொடுத்துவிடக் கூடாது. கழன்று வரும் பூச்சு லேபின் இயந்திரத்தையும் அதற்குள் உள்ள பிறரது படங்களையும் கெடுக்கும்.

முக்காலி வைத்து இரவுக்காட்சி எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எக்ஸ்போஷர் ஒரு விநாடியைத் தாண்டி நீளும்போது பெரும்பாலான ஃபிலிம்களின் உணர்திறன் படிப்படியாகக் குறைகிறது. எச்பி5 பிளஸில் மீட்டர் 10 விநாடி காட்டினால் சுமார் 20 விநாடி கொடுக்க வேண்டும். 30 விநாடி காட்டினால் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆகிவிடும். ஃபியூஜிஃபிலிமின் ஏக்ரோஸ் 100 II இதில் தனித்து நிற்கிறது. இரண்டு நிமிடம் வரை அதற்குத் திருத்தமே தேவையில்லை. பெயரளவில் நான்கு மடங்கு வேகமான எச்பி5, நீண்ட எக்ஸ்போஷரில் ஏக்ரோஸிடம் தன் முன்னிலையின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. முக்காலி இருக்குமானால் இரவுக்கு வேகமான ஃபிலிம்தான் வேண்டும் என்பதில்லை.

ஐந்தாம் படி: பெட்டியும் கேமராவும் லேபும்

வாங்கும் முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். வடிவம் 135 என்றிருந்தால் அது வழக்கமான 35 மி.மீ. சுருள், 120 என்றிருந்தால் மீடியம் ஃபார்மட் கேமராவுக்குரிய அகலச் சுருள், அதில் 6க்கு 6 செ.மீ. அளவில் 12 படங்கள் மட்டுமே கிடைக்கும். நெகட்டிவின் பரப்பு பெரிது என்பதால் 120இல் 400 வேக ஃபிலிமின் கிரெயின் அவ்வளவாகத் தெரியாது, 35 மி.மீ.இல் தயங்கும் வேகத்தை அதில் தயங்காமல் பயன்படுத்தலாம். பெட்டியிலேயே கழுவும் முறையும் காலாவதித் தேதியும் இருக்கும். உங்களுக்கு எட்டும் லேப் எந்த முறையில் கழுவுகிறது என்பதை விசாரித்துவிட்டே வாங்குங்கள், ஏனெனில் சி-41 கழுவும் எல்லா லேபும் இ-6 கழுவுவதில்லை.

பழைய தானியங்கிக் கேமராக்களில் வேகத்தை அமைக்கும் டயல் இருக்காது. 1983இல் கோடாக் அறிமுகப்படுத்திய டிஎக்ஸ் குறியீட்டை, அதாவது உலோக உறையின் மீதுள்ள கறுப்பு வெள்ளிக் கட்டங்களை, அவை தொட்டுப் படித்துக்கொள்ளும். குறியீடு இல்லாத சுருளைப் போட்டால் பல கேமராக்கள் அதை 100 என்று எடுத்துக்கொள்கின்றன. மலிவான சில கேமராக்கள் 100, 400 ஆகிய இரண்டை மட்டுமே அடையாளம் காணும். இப்படிப்பட்ட கேமராவில் 1600 அல்லது 3200 வேக ஃபிலிமைப் போடுவதற்கு முன் அதன் கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

3200 என்று எழுதியிருப்பவற்றைப் பற்றியும் ஒரு சொல். இல்ஃபோர்டு டெல்டா 3200இன் உண்மையான வேகம் 1000ஐ ஒட்டியதுதான். கோடாக்கின் டி-மேக்ஸ் பி3200உம் அப்படியே. தள்ளிக் கழுவும்போது 3200 வரை தாங்கும் வகையில் அவை அமைக்கப்பட்டிருக்கின்றன. தள்ளுவது என்றால், ஒளியைக் குறைத்து எடுத்துவிட்டு அதை ஈடுகட்டக் கழுவும் நேரத்தைக் கூட்டுவது. இதைச் சுருள் முழுவதற்கும் ஒரே அளவில் செய்ய வேண்டும். பாதிப் படங்களை 400இலும் மீதியை 1600இலும் எடுத்துவிட்டுக் கழுவக் கொடுக்க முடியாது. எத்தனை ஸ்டாப் தள்ள வேண்டும் என்பதைச் சுருளின் உறை மீதே எழுதிக் கொடுங்கள், வாய்மொழியாகச் சொன்னது லேபில் அடுத்த கைக்குப் போய்ச் சேர்வதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் எதை வாங்குவது என்று தயங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை: ஒரு 400 வேக கலர் நெகட்டிவ், ஒரு 400 வேக கறுப்பு வெள்ளை. இந்த இரண்டில் மட்டும் சில சுருள்கள் எடுத்து, ஒவ்வொரு படத்தின் துளை, ஷட்டர், வெளிச்சம் ஆகியவற்றைச் சிறு நோட்டில் குறித்துவைத்து, கழுவி வந்த நெகட்டிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்கேனைப் பார்க்காமல் நெகட்டிவையே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஸ்கேனர் தவறுகளைத் தானாகவே பூசி மறைத்துவிடும். நிழற்பகுதிகள் விவரமே இல்லாமல் வெறும் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் ஒளி போதவில்லை என்று பொருள். அது அடிக்கடி நடந்தால் ஃபிலிமை மாற்றுவதற்கு முன் மீட்டரில் வைக்கும் வேக எண்ணை அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ தாழ்த்தி வைத்துப் பாருங்கள்.

வாங்கியதை வைத்திருப்பது

ஃபிலிமுக்கு வெப்பமும் ஈரமும் ஆகாது. உடனே பயன்படுத்தாத சுருள்களை உறை பிரிக்காமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, எடுக்கும் நாளில் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் பிரித்தால் ஃபிலிமின் மீது ஈரம் படியும். காலாவதியான கலர் ஃபிலிம் வேகத்தை இழந்து நிறமும் சாய்ந்திருக்கும் என்பதால், முக்கியமான நிகழ்ச்சிக்கு அதை நம்ப வேண்டாம். விமானப் பயணத்தில் ஃபிலிமைச் செக்-இன் பெட்டிக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள், அந்தப் பெட்டிகளுக்கான எக்ஸ்ரே வலுவானது. கைப்பைகளைச் சோதிக்க வந்துள்ள புதிய சிடி ஸ்கேனர்களும் ஃபிலிமில் புகைமூட்டம் படியச் செய்யும். வேகம் கூடிய ஃபிலிமுக்கு ஆபத்தும் கூடுதல். சுருள்களை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையில் தனியே போட்டு வைத்துக்கொண்டு, கையால் சோதிக்குமாறு வரிசையில் நிற்கும்போதே கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே கேமராவில் ஏற்றிய சுருளுக்கும் இதே ஆபத்து உண்டு என்பதால், முடிந்தால் அதைப் பயணத்துக்கு முன்பே முடித்துக் கழுவக் கொடுத்துவிடுவது நல்லது.